பொறியியல், சொந்தத் தொழில், ஊர் சேவை: மூன்றும் ஒரே பாதையில் போகுமா?

கேள்வி: எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். பிளஸ் டூவில் கணிதம் 94, இயற்பியல் 84, வேதியியல் 90. ஊர் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். தம்பிக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. இன்ஜினியர் ஆகி இதற்கு ஒரு ஃபில்டர் செய்ய வேண்டும், அதையே கம்பெனியாக நடத்த வேண்டும், ஊருக்கும் உதவ வேண்டும் என்பது ஆசை. அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார். "முதலில் படி, அப்புறம் சம்பாதி, சேவையெல்லாம் கடைசியில்" என்கிறார்கள் வீட்டில். எந்தப் பிரிவு எடுப்பது? முதல் வருடமே கம்பெனி பதிவு செய்யலாமா? ஊர் ஊராக அலையும் வேலையைப் பெண் பிள்ளை செய்ய முடியுமா என்றும் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

கையில் குறிப்பான ஒரு பிரச்னையோடு கல்லூரிக்குப் போகிறவர்கள் குறைவு. உங்களிடம் அது இருக்கிறது. அதனால் படிப்பு, தொழில், சேவை மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் திட்டத்தில் ஒரு வரிசையை மாற்ற வேண்டும். நீங்கள் ஃபில்டரிலிருந்து தொடங்குகிறீர்கள். அளவெடுப்பதிலிருந்து தொடங்குங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் கவுன்சலிங், ஏனென்றால் அதற்குத்தான் கெடு இருக்கிறது.

உங்கள் கட் ஆஃப் 200-க்கு 181: கணிதம் முழுதாக 94, இயற்பியலில் பாதி 42, வேதியியலில் பாதி 45. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உங்களுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தீர்கள் என்ற சான்று சரியாக இருக்க வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் அந்த வருடங்களின் விவரத்தை இப்போதே தலைமை ஆசிரியரிடம் சரிபார்த்துவிடுங்கள். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். 7.5-இல் இடம் வராமல் பொதுக் கலந்தாய்வில் வந்தால் அந்தச் சலுகை கைகொடுக்கும். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கும் என்பதால், தம்பியின் படிப்பையும் யோசித்து அப்பாவோடு பேசி முடிவெடுங்கள். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உங்களுக்கு வரும். அதற்கு ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

விருப்பப் பட்டியலில் நிறையப் பேர் ஒரே தவறைச் செய்கிறார்கள். "இது எனக்குக் கிடைக்காது" என்று பெரிய கல்லூரிகளை எழுதாமல் விட்டுவிடுவார்கள். எழுதுவதால் நஷ்டமே இல்லை. பட்டியலில் மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் தரவரிசைக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தைத்தான் கணினி ஒதுக்கும். கிடைக்காததைத் தாண்டிப் போய்விடும். ஆகவே கிடைக்கும் வாய்ப்பை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். எது உண்மையில் வேண்டுமோ அந்த வரிசையில் எழுதுங்கள். போன வருடம் உங்கள் சமூகப் பிரிவிலும் 7.5 ஒதுக்கீட்டிலும் எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்பதைக் கல்லூரிக் குறியீட்டு எண்ணோடு பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும், எண்தான் முக்கியம். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு குறித்த கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும். சிக்னல் கிடைக்காத ஊர் என்றால் அந்த நாட்களில் பென்னாகரத்திலோ தர்மபுரியிலோ இருங்கள்.

இனி பிரிவு. உங்கள் பிரச்னைக்கு நேராகப் பொருந்துவது கெமிக்கல் இன்ஜினியரிங். ஃபுளோரைடை ஒரு பொருளின் மேல் ஒட்டவைத்து எடுப்பது, பொருள் நிரப்பிய குழாய்க்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது, எப்போது அந்தப் பொருள் தீர்ந்துபோகிறது என்பதெல்லாம் அந்தப் படிப்பின் மையப் பாடங்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலுள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் கெமிக்கல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். அடுத்தது சிவில், குடிநீர் வழங்கலும் சுற்றுச்சூழல் பொறியியலும் அதில் வரும். இவை இரண்டும் ஆய்வகமோ நிரந்தர ஆசிரியர்களோ சரியாக இல்லாத கல்லூரியில்தான் கிடைக்கும் என்றால், பெயருக்காக எடுக்காதீர்கள். நல்ல கல்லூரியில் மெக்கானிக்கலோ எலக்ட்ரிக்கலோ அதைவிட உதவும். கல்லூரியை நேரில் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். "மாலை நான்கு மணிக்கு மேல் ஆய்வகம் திறந்திருக்குமா?" என்று மூன்றாம் வருட மாணவர்களிடம் கேளுங்கள்.

அப்பா சொல்வதில் பாதி சரி. வீட்டுக்கு நான்கு வருடத்தில் ஒரு சம்பளம் வேண்டும் என்ற அவர் கவலை நியாயமானது. ஆனால் வளாகத் தேர்வுக்கு வரும் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பொதுவாக எல்லாப் பிரிவினரையும் எடுக்கின்றன. அதற்கு அரியர் இல்லாத மதிப்பெண்ணும் பைத்தானில் ஓரளவு கைப்பழக்கமும் போதும். அரியர் விழுவது பெரும்பாலும் முதல் வருடக் கணிதத்தில். ஃபில்டர் ஆர்வத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.

கம்ப்யூட்டர் எடுத்தாலும் சென்சார் வைத்துத் தண்ணீரைச் சோதிக்கலாமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கல்லூரிப் போட்டிகளில் டி.டி.எஸ். மீட்டரை ஒரு சிறு சர்க்யூட்டோடு இணைத்து "நீரின் தரம் காட்டும் கருவி" என்று வைப்பது வழக்கமாகிவிட்டது. டி.டி.எஸ். மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை, அதுவும் மின்கடத்தும் திறனை வைத்து. லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீரில் ஃபுளோரைடு 1 இருந்தாலும் 4 இருந்தாலும் அந்த எண்ணில் வித்தியாசம் தெரியாது. ஃபுளோரைடுக்கென்று தனி மின்முனை இருக்கிறது, அல்லது நிறம் மாறும் வேதிச் சோதனை இருக்கிறது. வேறு வழியில் அளந்தேன் என்று யார் சொன்னாலும் எப்படி என்று கேளுங்கள்.

இப்போது அளவெடுப்பதற்கு வருவோம். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை அனுமதி. உங்கள் ஊரில் எந்த போர், எந்தக் கைபம்பு, எந்த மாதத்தில் எவ்வளவு என்று எழுதிவைத்திருக்கிறார்களா? ஊராட்சி அலுவலகத்திலும் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் முதலில் கேளுங்கள். இல்லாததை நீங்கள் எடுங்கள். கல்லூரி திறக்கும் முன்பே தொடங்கிவிடலாம்.

கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை எடுங்கள். போரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். இடம், போரின் ஆழம், தேதி, நேரம் நான்கையும் பாட்டிலின் மேலேயே எழுதுங்கள். மூடியில் எழுதினால் ஆய்வகத்தில் மூடி மாறிவிடும். ஒரே இடத்தில் மே மாதம் ஒருமுறை, மழைக்குப் பின் டிசம்பர் அல்லது ஜனவரியில் ஒருமுறை. மழைக்குப் பிறகு மட்டும் எடுத்தால் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடலாம். இருபது, முப்பது இடங்கள் போதும்.

கூடவே இன்னொரு கணக்கும் எடுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்து, 2013-இல் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. அந்தக் காவிரித் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, எத்தனை குடம் கிடைக்கிறது, வராத நாளில் எந்த போரிலிருந்து எடுக்கிறார்கள்? வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். ஐந்து பேர் குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர்தான் வேண்டும். குளிக்க, துவைக்க போர் தண்ணீரால் ஆபத்தில்லை. வாரத்தில் இரண்டு நாள் காவிரித் தண்ணீர் வந்தால்கூட, மூடியோடு 100 லிட்டர் டிரம் ஒன்று சில வீடுகளின் பிரச்னையைத் தீர்த்துவிடலாம். அப்படி ஒரு முடிவு வந்தால் மனம் சோராதீர்கள். ஃபில்டர் வேண்டியதில்லை என்று கண்டுபிடிப்பதும் பொறியியல்தான், ஊருக்கு அது மலிவான தீர்வும்கூட. காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். காய்ச்சும்போது தண்ணீர் வற்றி ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். அதையும் சொல்லிக்கொண்டே போங்கள்.

ஃபில்டர் தேவைப்படும் தெருக்கள் எவை என்று தெரிந்த பிறகு இரண்டாம் வருடத்தில் சோதனையைத் தொடங்குங்கள். ஆக்டிவேட்டட் அலுமினா என்ற, நுண்துளைகள் நிறைந்த அலுமினியம் ஆக்சைடுக் குருணையில் ஆரம்பியுங்கள். பல ஊர்களில் பயன்படுத்தப்பட்டு, எங்கே தோற்கிறது என்பதும் தெரிந்த பொருள் அது. வாங்கும்போது குருணை அளவைக் கேளுங்கள்: 0.4 முதல் 1.2 மில்லிமீட்டர். காற்றின் ஈரத்தை உறிஞ்ச விற்கும் பெரிய உருண்டைகளைக் கொடுத்துவிடுவார்கள். அவற்றுக்குள் ஃபுளோரைடு போய்ச் சேர நேரமாகும், ஃபில்டர் மோசமென்று தவறாக முடிவு செய்வீர்கள்.

இரண்டு அங்குல பி.வி.சி. குழாயில் 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினால் சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவு, எடையில் கிட்டத்தட்ட 800 கிராம். குழாயில் முதலில் தண்ணீரை நிறுத்தி, அதற்குள் குருணையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உலர்வாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் காற்றுக்குமிழி சிக்கி, தண்ணீர் ஒரு ஓரமாகவே ஓடிவிடும். கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு மாவு போகும்வரை கழுவுங்கள். வெளியேறும் குழாயைக் குருணையின் மட்டத்துக்கு மேல் வளைத்துத் தூக்கி வையுங்கள். நிறுத்தும்போதும் படுகை, அதாவது குருணை அடுக்கு, நனைந்தே இருக்கும். நிமிடத்துக்கு 100 மில்லி ஓடட்டும். அப்போது தண்ணீருக்குப் படுகையோடு பத்து நிமிடத் தொடர்பு கிடைக்கும். 25 லிட்டருக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, வெளியே வரும் தண்ணீரில் ஃபுளோரைடு 1-ஐத் தொடும்போது நிறுத்துங்கள்.

இதை ஊர் போர் தண்ணீரில்தான் செய்ய வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்துச் சோதித்தால் முடிவு பிரமாதமாக வரும், ஊரில் வைத்தால் பாதிகூட வராது. காரணம், போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய, பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7.5, 8 என்று இருக்கும். அலுமினாவுக்கு 5.5, 6 பக்கம்தான் பிடிப்பு அதிகம். படிகாரம் போட்டுச் செய்யும் நால்கொண்டா முறையை ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னொரு கண்ணி உண்டு. தண்ணீரில் மிஞ்சும் அலுமினியம், ஃபுளோரைடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சோதனையில் ஃபுளோரைடு குறைவாகத் தெரியும். மின்முனையால் அளக்கும்போது அந்தப் பிடிப்பை விடுவிக்கும் பஃபர் கரைசலைச் சேர்த்தால்தான் உண்மை அளவு வரும்.

சேவையும் தொழிலும் சந்திக்கும் இடம் இந்தக் கணக்கு. ஊரில் வைக்கும் வீட்டு ஃபில்டரில் 3 கிலோ அலுமினா என்று வைப்போம். கள நிலையில் ஒரு கிலோ சுமார் 1.5 கிராம் ஃபுளோரைடைப் பிடிக்கும், மொத்தம் 4.5 கிராம். தண்ணீரில் 4 இருப்பதை 1-க்குக் கொண்டுவர லிட்டருக்கு 3 மில்லிகிராம் எடுக்க வேண்டும். ஆக 1,500 லிட்டர். நாளுக்கு 20 லிட்டர் என்றால் 75 நாள். 76-ஆம் நாள் தண்ணீரின் நிறமும் ருசியும் அப்படியேதான் இருக்கும். ஃபுளோரைடு மட்டும் பழையபடி வரத் தொடங்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது. நன்கொடையாகக் கொடுத்த ஃபில்டர்கள் தோற்பது இங்கேதான், ஃபில்டரின் குறையால் அல்ல.

தீர்ந்த அலுமினாவைச் சுமார் 1 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி, பிறகு நீர்த்த அமிலத்தால் பி.எச்.சைக் கீழே கொண்டுவந்தால் மறுபடி பயன்படும், ஒவ்வொரு முறையும் திறன் கொஞ்சம் குறையும். கையுறை, கண்ணாடி இல்லாமல் செய்யக்கூடாத வேலை. வீட்டு அடுக்களையில் நடக்கவே கூடாது. கழுவிய நீரில் ஃபுளோரைடு குவிந்திருக்கும், அதை வாய்க்காலில் ஊற்றினால் எடுத்த விஷத்தையே திருப்பிக் கொடுக்கிறோம். ஆகவே உங்கள் தொழில், ஃபில்டர் விற்பது அல்ல. தீர்ந்த உறையை, அதாவது அலுமினா அடைத்த குழாயை, எடுத்துவிட்டுப் புதுப்பித்ததை மாட்டிவிட்டு, தண்ணீரைச் சோதித்துச் சீட்டு ஒட்டிவிட்டு வரும் சேவை.

அது ஓடுமா? 200 வீடு என்றால் வாரத்துக்குச் சுமார் 19 உறை மாற்ற வேண்டும்; ஒரு ஆள், ஒரு இருசக்கர வண்டி போதும். வீட்டுக்கு மாதம் 60 ரூபாய் வாங்கினால் 12,000 ரூபாய். சம்பளம், பெட்ரோல், ரசாயனம், சோதனை எல்லாம் இதில் அடங்காது. 400 வீடு சேர்ந்தால் 24,000, மூச்சுவிட இடமிருக்கும். இல்லையென்றால் ஒரு பங்கை ஊராட்சி ஏற்க வேண்டும். கேன் தண்ணீருக்கு உங்கள் ஊர்க்காரர்கள் இப்போதே மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதையும் கணக்கெடுப்பிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் போட்டியாளர் அதுதான். இலவசமாகக் கொடுப்பதைவிட நியாயமான காசு வாங்கி 75-ஆம் நாள் கதவைத் தட்டுவது பெரிய சேவை என்றே நினைக்கிறேன்.

முதல் ஃபில்டரை எங்கே வைப்பது? அங்கன்வாடியிலும் தொடக்கப் பள்ளியிலும். பல்லில் விழுந்த கறை தண்ணீரை மாற்றினால் மறையாது. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் எட்டு வயது வரைதான் அந்தப் பாதிப்பைத் தடுக்க முடியும். தம்பியின் பல்லுக்குப் பல் மருத்துவர் செய்யக்கூடியது உண்டு, கேளுங்கள்.

கம்பெனிப் பதிவு முதல் வருடம் வேண்டாம். பிரைவேட் லிமிடெட் தொடங்கினால் ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் வருடா வருடம் தணிக்கையும் இரண்டு படிவங்களும் உண்டு. தாமதித்தால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம் ஏறும். தேர்வுக் காலத்தில் மறந்துபோய் ஆயிரக்கணக்கில் கட்டும் மாணவர்கள் இருக்கிறார்கள். முதல் இருபது வீடுகளில் காசு வாங்கத் தொடங்கும்போது தனிநபர் நிறுவனமாக, சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்தால் போதும், அது இலவசம். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு தரும் டான்சீட் போன்ற ஆதார நிதி கேட்கும் நிலை வரும்போது கம்பெனியாக மாறலாம். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனிநபர் நிறுவனத்துக்குக் கிடையாது. பட்டம் முடித்து இரண்டு வருடம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வாபாக் போன்ற நீர் சுத்திகரிப்பு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டுத் தொடங்குவதும் நல்ல வழி. அப்பாவின் கவலையும் அதில் தீரும்.

உறையை மாற்றும் அமைப்பில் நீங்களே புதிதாக ஏதாவது யோசித்தால், கல்லூரிக் கண்காட்சியிலோ யூடியூபிலோ காட்டும் முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்கு இணையவழியில் 1,600 ரூபாய். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம். முதலில் காட்டிவிட்டால் புதுமை என்ற தகுதியே போய்விடலாம். மாணவர் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்ற கல்லூரி விதியையும் படித்துவிடுங்கள்.

கல்லூரியில் என்.எஸ்.எஸ்.ஸில் (நாட்டு நலப்பணித் திட்டம்) சேருங்கள். இரண்டு வருடத்தில் 240 மணி நேரமும் ஏழு நாள் முகாமும் உண்டு. அந்த முகாமை உங்கள் ஊரிலேயே நடத்தக் கேட்டால் கணக்கெடுப்புக்கு ஐம்பது கைகள் கிடைக்கும். கிடைத்த முடிவை மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் எழுத்தாகக் கொடுங்கள். "உங்கள் போர் கெட்டது" என்று ஒரு வீட்டில் சொன்னால், அருகில் நல்ல தண்ணீர் எந்தக் குழாயில் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். மாற்று சொல்லாமல் பயத்தை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பெண் பிள்ளையால் முடியுமா என்ற கேள்விக்கு: இந்த வேலையில் அடுக்களை வரை போக வேண்டும், குடிநீர் பற்றிப் பேசும் ஆள் அந்த வீட்டு அம்மாதான். அது உங்களுக்குச் சாதகம். தனியாகப் போகாதீர்கள். கிராமச் சுகாதாரச் செவிலியரோடு முதல் சுற்று போங்கள். அடுத்து மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்து, மாதிரி எடுக்கவும் உறை மாற்றவும் பழக்குங்கள். நீங்கள் கிண்டி விடுதியில் செமஸ்டர் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் வாரத்திலும் 75-ஆம் நாள் வரும். அன்று மாற்றுவதற்கு ஊரில் ஆள் இருக்க வேண்டும். அவர்களுக்கான கூலியை முதல் மாதக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.